பால்பொடி டப்பாவில் பதினொரு மீன்கள்

பெரிய மீனை ஏமாற்றிப் பிடிக்க மரத்தால் செய்த பழைய பொய்யிரை, அதாவது தூண்டில் மீன் ஒன்று கைக்கு வந்தால், அதைக் கழுவுவதற்கும் தேய்ப்பதற்கும் முன்பாகத் தராசில் வைக்க வேண்டும். நகைக்கடையில் இருப்பது போன்ற சிறிய தராசு போதும். அன்றைய எடையை ஒரு தாளில் எழுதிவிட்டு, மீனை நிழலில் தொங்கவிட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை மறுபடியும் நிறுத்துப் பார்த்தால், மரம் தனக்குள் எவ்வளவு தண்ணீரை வைத்திருந்தது என்பது தெரியவரும். நான் செப்பனிட்ட முதல் மரமீன் 9 நாள்களில் 4 கிராம் எடை இறங்கியது. அந்த ஈரத்தை உள்ளே வைத்தே வண்ணம் பூசியிருந்தால், வெயில் பட்டதும் அது ஆவியாகி வெளியேற வழி தேடிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கியிருக்கும்.

குழித்துறைத் தாமிரபரணி கடலோடு சேரும் தேங்காய்ப்பட்டணத்துக்கு அருகே என் வீடு இருக்கிறது. ஆற்றின் மேற்குக் கரையில் இரையுமன்துறை. அதற்கப்பால் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று கடற்கரை ஊர்கள் நெருங்கி நெருங்கிச் சென்று நீரோடியில் தமிழ்நாடு முடிந்துவிடும். அடுத்த ஊராகிய பொழியூர் கேரளம். 1956 நவம்பர் 1 அன்று இங்கே எல்லைக்கோடு விழுந்தாலும் மீன்களின் பெயர்கள் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்கின்றன. சென்னைக்காரர்களின் வஞ்சிரம் எங்களுக்கு நெய்மீன். அவர்களுடைய கானாங்கெளுத்தி எங்களுக்கு அயிலை. மத்தியை நாங்கள் சாளை என்போம். இந்தக் கரையின் ஆண்கள் ஆழ்கடலில் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பதில் பெயர்பெற்றவர்கள். வளைகுடா நாடுகளின் மீன்பிடிப் படகுகளிலும் அவர்களில் பலர் வேலை செய்திருக்கிறார்கள். என் தாய்மாமா அவர்களில் ஒருவர். பஹ்ரைனிலிருந்து அவர் கடைசியாக ஊர் திரும்பியபோது கொண்டுவந்த ஒரு நிடோ பால்பொடி டப்பாவுக்குள் பதினொரு பொய்யிரைகள் இருந்தன. ஆறு மரத்தாலானவை, மூன்று பிளாஸ்டிக், இரண்டு பளபளக்கும் கரண்டித் தகடுகள். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த டப்பா பரணில் கிடந்தது.

இப்போதைய இளைஞர்கள் இவற்றை லூர் என்றே அழைக்கிறார்கள். பெயர்தான் வெளியிலிருந்து வந்தது; பொய்யிரை எங்கள் கரைக்குப் புதிதன்று. ஜரிகை நூலையும் கோழிச்சிறகையும் மினுங்கும் தாளையும் தூண்டில் முள்ளில் கட்டி, ஒரே தங்கூசி நைலான் இழையில் பல முள்களை வரிசையாகக் கோத்து, படகிலிருந்து ஆட்டி ஆட்டி அயிலை பிடிப்பதை நான் சிறுவயதிலேயே பார்த்திருக்கிறேன். டப்பாவில் இருந்தவை அதே எண்ணத்தின் வேறு வடிவம். அவற்றின் தாடைக்குக் கீழே சரிவாகப் பொருத்திய ஓர் உலோகத் தகடு இருக்கும். இழுக்கும்போது தண்ணீர் அந்தத் தகட்டில் மோதி மீனைக் கீழே அழுத்துவதோடு, இடமும் வலமுமாக அசையவும் வைக்கும். அடிபட்ட சிறுமீன் தடுமாறி நீந்துவது போன்ற அந்த அசைவுக்காகத்தான் இவை செய்யப்படுகின்றன.

அந்த அசைவை மரத்துக்குக் கொண்டுவந்தவர்களில் மிகவும் பெயர்பெற்றவர் பின்லாந்து நாட்டு மீனவரான லவ்ரி ரபாலா. ஏரியில் வலை வைத்துப் பிழைத்த அவர், பெரிய மீன்கள் சிறுமீன் கூட்டத்துக்குள் பாய்ந்து, சற்றே பிசகி நீந்தும் மீனையே குறிவைப்பதைக் கவனித்து, 1936இல் தக்கையைச் செதுக்கித் தம் முதல் பொய்யிரையைச் செய்தார். சாக்லெட் சுற்றிவரும் ஈயத்தாளை அதன் உடலுக்கு ஒட்டி, புகைப்பட நெகட்டிவ்களை உருக்கி மேற்பூச்சாகப் பூசினார். இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது. அக்கால நெகட்டிவ் சுருள்கள் பல நைட்ரோசெல்லுலோஸால் ஆனவை. மார்த்தாண்டத்துத் தச்சர்கள் கதவுக்கும் கட்டிலுக்கும் அடிக்கும் என்.சி. லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சும் அதே நைட்ரோசெல்லுலோஸ்தான். பெயின்ட் கடையில் கிடைக்கும் ஒரு டின்னும் பின்லாந்துக் குடிசையில் உருகிய படச்சுருளும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது, இந்த வேலையை வீட்டுத் திண்ணையிலேயே செய்துவிட முடியும் என்ற துணிவு எனக்கு வந்தது.

டப்பாவைத் திறந்து மாமாவின் முன்னால் வைத்தபோது நான் கேட்ட முதல் கேள்வி, இவற்றைச் செப்பனிடலாமா, இப்படியே விட்டுவிடலாமா என்பதுதான். வெளிநாடுகளில் பழைய பொய்யிரைகளைச் சேகரிப்பவர்கள் உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஜேம்ஸ் ஹெட்டன் மரத்தில் தவளைப் பொய்யிரை செதுக்கிய காலத்தைச் சேர்ந்த பொருள்களுக்கும், கண்ணாடிக் கண் பதித்த பழைய மரமீன்களுக்கும் அவர்களிடம் நல்ல விலை இருக்கிறது. அவர்கள் மதிப்பது முதலில் பூசிய வண்ணத்தை. அது எவ்வளவு உதிர்ந்திருந்தாலும், மேலே புது வண்ணம் ஏறிவிட்டால் மதிப்பு போய்விடும். ஆகவே அரிதான பொருள் என்று ஐயம் இருந்தால் தூசியைத் துடைப்பதோடு நிறுத்திக்கொள்வதே நல்லது என்று நான் உறுதியாகச் சொல்வேன். மாமாவிடம் இதையெல்லாம் விளக்கினேன். அவர் ஒரு மரமீனை எடுத்து அதன் வயிற்றை விரலால் தடவிவிட்டு, "மக்களே, வெள்ளத்துல நீந்தாட்டி இது வெறும் கட்டை, கேட்டியா?" என்றார். எங்கள் பேச்சில் வெள்ளம் என்றால் தண்ணீர். அவருடைய பொருள், அவருடைய தீர்ப்பு. நான் வேலையைத் தொடங்கினேன்.

கழுவுவதற்கு முன் ஒவ்வொரு மீனையும் சாளரத்தின் அருகே வைத்து வெகுநேரம் பார்த்தேன். பழைய பொய்யிரையின் உடலில் இருக்கும் தழும்புகள் வாசிக்கக்கூடியவை. நெய்மீனின் பற்கள் தட்டையான முக்கோணங்கள். அவை மரத்தில் சிறுசிறு வெட்டுகளாக, நெருக்கமான வரிசையில் பதிந்திருக்கும். ஊளியின் (சீலா மீனின்) பற்களோ நீண்ட கோரைகள்; அவை ஒன்றுக்கொன்று விலகிய ஆழமான குழிகளை விட்டுச் செல்லும். பாறை மீன் கவ்விய இடத்தில் வெட்டு தெரியாமல் வண்ணம் மட்டும் நசுங்கி உதிர்ந்திருக்கும். டப்பாவிலிருந்த பெரிய மரமீன், செந்தலையும் வெள்ளுடலும் கொண்டது. அதன் வயிற்றின் பின்பாதியில் நெய்மீன் வெட்டுகள் இரண்டு வரிசைகள் தெளிவாக இருந்தன. அந்த வெட்டுகள் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய் மரத்தைக் கறுக்கச் செய்திருந்தது. அவற்றை அடைக்காமல் விட்டால் மீன் ஊறிச் சாகும். பட்டி வைத்து அடைத்து வண்ணம் பூசினால் அந்த நெய்மீனைப் பிடித்ததற்கு வேறு சாட்சி இல்லை. இந்தச் சிக்கலை எப்படித் தீர்த்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் வேலை தூண்டில் முள்களைக் கழற்றுவது. மூன்று முனை முள்கள் மாட்டிய மீனைக் கையில் வைத்துக்கொண்டு தேய்ப்பது ஆபத்தானது. முள்ளை உடலோடு இணைக்கும் இரட்டைச் சுற்று வளையத்தைப் பிரிக்க, நுனி வளைந்த தனிக் குறடு கிடைக்கிறது. அது இல்லாமல் நகத்தால் முயன்றால் நகம்தான் பிரியும். துருப்பிடித்த முள்களையும் வளையங்களையும் காப்பாற்ற முயல வேண்டாம். ஆனால் தூக்கி எறிவதற்கு முன் அவற்றை நிறுத்து, அதே எடையுள்ள புதியவற்றை வாங்க வேண்டும். வலுவாக இருக்கட்டும் என்று ஓர் அளவு பெரிய முள்ளை மாட்டினால், மிதக்க வேண்டிய மீன் அமிழ்ந்துவிடும். அமிழ வேண்டியது வால் தொங்கி நிற்கும்.

உப்பும் அழுக்கும் போக, மென்மையான சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் போதும். தகட்டில் இருக்கும் கறைக்கு வினிகரில் நனைத்த துணி. பழைய வண்ணத்தை நீக்குவதில் எனக்கு ஒரு பெரிய இழப்பு நேர்ந்தது. மரமீனில் அசிட்டோன் நன்றாக வேலை செய்ததைப் பார்த்து, பிளாஸ்டிக் மீன் ஒன்றையும் அதில் நனைத்த துணியால் துடைத்தேன். பொய்யிரைகள் பெரும்பாலும் ஏ.பி.எஸ். என்னும் பிளாஸ்டிக்கால் செய்யப்படுபவை. அசிட்டோன் அதைக் கரைக்கும். சில நொடிகளில் செதில் வடிவங்கள் குழைந்து, கண் இருந்த குழி மூடிக்கொண்டது. அந்த மீனை மீட்க முடியவில்லை. பிளாஸ்டிக் மீனுக்கு உப்புத்தாளும் தண்ணீரும் மட்டுமே என்று அன்று முடிவு செய்தேன். மரமீனையும் ஈரமாகவே தேய்க்க வேண்டும். இந்தியாவில் வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்ற விதியே 2016இல்தான் வந்தது. பழைய பொய்யிரையின் வண்ணத்தில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாதபோது, உலர்ந்த தூளைக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பறக்கவிடுவது தவறு.

உலர்ந்த மரத்தின் வெடிப்புகளுக்குள் நீர்போல் ஓடும் ஃபெவிக்விக் வகைப் பசையைச் சொட்டுச் சொட்டாக விட்டால், அது நார்களுக்கிடையே இறங்கி உளுத்த பகுதியைக் கெட்டியாக்கிவிடும். பெரிய பள்ளங்களுக்கு அரால்டைட்டுடன் மரத்தூள் கலந்த பசை. இந்த இடத்தில் எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் சொன்ன யோசனையையும் குறிப்பிட வேண்டும். மரப்படகுகளுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது இந்தக் கரையின் பழைய வழக்கம். முந்திரி ஆலைகள் நிறைந்த மாவட்டம் என்பதால் அந்த எண்ணெய் எளிதாகக் கிடைக்கிறது. கடல்நீரையும் புழுவையும் அது நன்றாகத் தாங்கும். அதையே மரமீனுக்கும் பூசலாம் என்றார். முருக்க மரத்தில் நானே செதுக்கிய ஒரு வெற்று உடலில் அதைப் பூசிச் சோதித்தேன். நீர் புகவில்லை என்பது உண்மை. ஆனால் எண்ணெய் முழுதாக உலராமல் பிசுபிசுப்பு நின்றுவிட்டதால் மேலே பூசிய வெள்ளை ஒட்டவில்லை. அந்த எண்ணெய் தோலைக் கொப்புளிக்கச் செய்யும் என்பதால் கையுறை இல்லாமல் தொடவும் கூடாது. படகுக்கு ஏற்றது, வண்ணம் பூச வேண்டிய பொருளுக்கு ஏற்றதன்று என்பதே என் முடிவு. இரு பகுதிகளைக் கலந்தால் இறுகும் எபாக்சிப் பிசினை நீர்க்கக் கரைத்து ஒரு பூச்சு பூசி, உலர்ந்தபின் 400 எண் உப்புத்தாளால் தேய்ப்பதே இப்போது என் வழக்கம்.

அடுத்து வெள்ளை. எந்த வண்ணம் பூசுவதானாலும் அடியில் வெள்ளை இருந்தால்தான் மேலுள்ளது துலங்கும். அதன்மேல் என்ன பூசுவது என்பதில்தான் நான் அதிக நாள் செலவழித்தேன். கடைப் பொருளின் நிறத்தை நகலெடுப்பதைவிட, எங்கள் கடலில் நெய்மீன் தின்னும் மீனின் நிறத்தை வைப்பதே சரி என்று எனக்குத் தோன்றியது. அதற்காக விடியற்காலையில் துறைமுகத்துக்குப் போய், படகிலிருந்து அப்போதுதான் இறங்கிய அயிலையையும் சாளையையும் வாங்கி, வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து வாங்கினால் பயனில்லை; செத்த மீனின் நிறம் வெளிறத் தொடங்கிவிடும். அயிலையின் முதுகு நீலப்பச்சை. மேற்பாதியில் நீளவாக்கில் கரிய கோடுகள். மார்புத் துடுப்பின் கீழ்விளிம்பை ஒட்டி உடலில் ஒரு கரும்புள்ளி. சாளையில் செவுள்மூடியின் பின்விளிம்பில் கரும்புள்ளி இருக்கும். அதற்குப் பின்னே மங்கலான பொற்புள்ளியும், உடலின் நடுவே ஓடும் மெல்லிய பொற்கோடும் இருக்கும். அந்தப் பொற்கோட்டை இத்தனை ஆண்டுகள் சாளை தின்றும் நான் கண்டதில்லை. வெள்ளிப் பளபளப்பு வண்ணமே அன்று. மீனின் தோலில் அடுக்கடுக்காக இருக்கும் குவானின் என்னும் பொருளின் படிகங்கள் ஒளியைத் திருப்பி அனுப்புவதால் தோன்றுவது. ஆகவே சாம்பல்நிறப் பெயின்டால் அது வரவே வராது. முத்துப்போல் மினுங்கும் பொடி கலந்த தெளிந்த பூச்சை வெள்ளையின் மேல் மெல்லிசாக இரண்டு முறை ஊதியபோதுதான் அதன் சாயல் வந்தது.

முதுகு கருமையாகவும் வயிறு வெண்மையாகவும் இருப்பது அழகுக்காக அன்று. மேலிருந்து விழும் ஒளி முதுகை வெளுக்கவும் வயிற்றை நிழலாக்கவும் செய்வதால், அதற்கு எதிராக அமைந்த நிறம் உடலைத் தட்டையாகக் காட்டி மறைக்கிறது. அமெரிக்க ஓவியர் ஆபட் தேயர் 1896இல் இதை விளக்கி எழுதினார். நாம் பூசும்போது அந்த இரண்டு நிறங்களும் பக்கவாட்டில் ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டும். கோடு போட்டாற்போல் நின்றால் பொம்மையாகிவிடும். தூரிகையால் இது கடினம். வண்ணத்தைக் காற்றோடு ஊதும், 0.3 மில்லிமீட்டர் வாயுள்ள ஏர்பிரஷ் இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. செதில்களுக்கு, வெங்காயம் வரும் வலைப்பையின் துண்டை மீனின்மேல் இழுத்துக் கட்டி, மேலிருந்து ஒரே வீச்சில் ஊத வேண்டும். வலையைச் சற்றும் நகர்த்தாமல் நேராகத் தூக்கினால் செதில்கள் வரிசையாக நிற்கும். எத்தனை முறை செய்தாலும் அந்த வலையைத் தூக்கும் கணத்தில் எனக்கு மூச்சு நின்றுதான் வருகிறது.

செந்தலை வெள்ளுடல் மீனைப் பற்றி ஒரு சொல். இந்த நிறத்தில் எந்தச் சிறுமீனும் கடலில் இல்லை. ஆயினும் உலகெங்கும் மீனவர்கள் இதை நம்புகிறார்கள். தண்ணீரில் முதலில் மறையும் நிறம் சிவப்பு. சில மீட்டர் ஆழத்திலேயே அது கருமையாகிவிடும். அப்போது எஞ்சுவது கருந்தலையும் துலங்கும் வெண்ணுடலும் உள்ள ஓர் உருவம். அந்த வேறுபாடே மீனின் கண்ணில் படுகிறது என்று நான் கருதுகிறேன். மாமாவின் பெரிய மீனுக்கு ஆகவே அதே நிறத்தை மீண்டும் பூசினேன். ஆனால் பல் வெட்டுகள் இருந்த இடத்தில் பட்டியும் வைக்கவில்லை, வண்ணமும் ஏற்றவில்லை. அந்தப் பகுதியை மட்டும் தாள்நாடாவால் மூடிவைத்து, கடைசியில் நாடாவை உரித்து, நீர்த்த எபாக்சியை ஊசிமுனையால் ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் இறக்கினேன். வெட்டுகள் கண்ணாடிக்கு அடியில் இருப்பது போலத் தெரிகின்றன. நீர் புக இனி வழியில்லை.

மேற்பூச்சு பொறுமையைக் கேட்கும் வேலை. எபாக்சியின் இரு பகுதிகளையும் கண்ணளவில் கலந்து, ஒரு மாதம் ஆகியும் பிசுக்கு போகாத மீன் ஒன்று என்னிடம் இருந்தது. இப்போது தராசில் நிறுத்தே கலக்கிறேன். பூசியபின் மீனைத் தொங்கவிட்டால் பூச்சு வழிந்து வாலில் துளியாகத் திரளும். ஆகையால் அது உறையும்வரை மீன் மெல்லச் சுழல வேண்டும். பழுதான மைக்ரோவேவ் அடுப்பின் தட்டைச் சுழற்றும் சிறிய மோட்டார், நிமிடத்துக்கு 5 அல்லது 6 சுற்று சுற்றும். அதைக் கழற்றி ஒரு மரச்சட்டத்தில் பொருத்திக்கொண்டேன். ஓர் இரவு முழுதும் திண்ணையில் நான்கு மீன்கள் ஓசையின்றிச் சுழன்றுகொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

பருவம் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதை லாக்கர் கற்றுக்கொடுத்தது. மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. அந்த ஓய்வில் இந்த வேலையைச் செய்யலாம் என்று பலருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் அது இடவப்பாதி மழைக்காலம். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது லாக்கரின் தின்னர் வேகமாக ஆவியாகிப் பரப்பைக் குளிரவைக்க, அந்தக் குளிர்ச்சியில் ஈரம் படிந்து பூச்சு பால்போல் வெளுத்துவிடும். மூன்று மீன்களை அப்படி இழந்து மறுபடி தேய்த்தேன். வடகிழக்குப் பருவமழையும் எங்களை விடுவதில்லை என்பதால், எனக்குக் கிடைக்கும் நல்ல மாதங்கள் ஜனவரி முதல் மார்ச் வரைதான். மழைக்காலத்தைச் செதுக்குவதற்கும் உலர்த்துவதற்கும் வைத்துக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் ஒரு மாலை, மாமாவை அழைத்துக்கொண்டு ஆறு கடலோடு சேரும் பொழிமுகத்துக்குச் சற்று மேலே, நீர் அடங்கி ஓடும் இடத்துக்குப் போனேன். செந்தலை மீனை அவர் கையில் கொடுத்தபோது அவர் முதலில் தலையைப் பார்க்கவில்லை; வயிற்றைத் திருப்பி, கட்டைவிரல் நகத்தால் அந்த வெட்டுகளின்மேல் ஓட்டினார். நகம் எங்கும் தட்டவில்லை.

"வச்சிருக்கியா?" என்றார்.

"வச்சிருக்கேன் மாமா. வெள்ளம் ஏறாது."

முதல் இழுப்பில் மீன் அசைந்தது. ஆனால் இடப்பக்கமாகச் சாய்ந்து ஓடியது. மேற்பூச்சு ஒரு பக்கம் சற்றுத் தடித்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கமாக, தூண்டில் நூல் கட்டும் மூக்கு வளையத்தை மயிரிழை வளைக்க வேண்டும் என்பது விதி. நான் குறடை எடுப்பதற்குள் மாமா மீனை வாங்கி, வளையத்தைத் தம் முன்பல்லில் வைத்து லேசாக அழுத்தினார். இரண்டாம் இழுப்பில் சாய்வு குறைந்தது. இன்னொரு முறை அழுத்தினார். மூன்றாம் இழுப்பில் மீன் நேராக வந்தது, தலையும் வாலும் இருபுறமும் துடிக்க. கோலின் நுனி வழியாக அந்தத் துடிப்பு என் மணிக்கட்டுவரை வந்தது. அவர் ஒன்றும் சொல்லாமல் கோலைக் கேட்டு வாங்கி, இருட்டும்வரை தாமே வீசி இழுத்துக்கொண்டிருந்தார். கொத்து எதுவும் விழவில்லை.

வீடு திரும்பி, ஈரம் சொட்டும் மீனை நான் டப்பாவுக்குள் வைக்கப் போனபோது தடுத்தார். "மூடி போட்டு வச்சுதான் முன்னால கெட்டுப்போச்சு மக்களே. வெளிய தூக்கு, காத்து படட்டும்." சாளரத்துக் கம்பியில் அதை மாட்டிவிட்டு, டப்பாவிலிருந்து அடுத்த மரமீனை எடுத்துத் தராசில் வைத்தேன். 31 கிராம்.